கைத்துப்பாக்கி வேட்டைக்கு எந்த தோட்டா? .357ல இருந்து .500 வரைக்கும் ஒரு அலசல்

துப்பாக்கிக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கட்டு பேப்பர் ப்ளேட் வாங்கிடுங்க. எட்டு இஞ்ச் அகலம் வர்ற சின்ன ப்ளேட் போதும். வெள்ளைவால் மானுக்கு நுரையீரலும் இதயமும் சேர்ந்து இருக்கற இடம் கிட்டத்தட்ட அந்த அளவுதான். எத்தனை யார்டுல (ஒரு யார்டு மூணு அடி) நின்னு அஞ்சு தோட்டா சுட்டா அஞ்சும் அந்த ப்ளேட்டுக்குள்ள விழுதோ அது வரைக்கும்தான் உங்க வேட்டை தூரம், அதுக்கு அந்தாண்ட நிக்கற மான் உங்க மான் இல்ல.

இதை ஏன் மொதல்லயே சொல்றேன்னா, இங்க டெக்சாஸ்ல என்கூட வேலை பாக்கற தம்பி ஒருத்தன், மதுரைக்காரன், ரைஃபிள்ல ரெண்டு சீசன் மான் அடிச்சவன், இப்ப கைத்துப்பாக்கிலயும் போகணும்னு ஆசை வந்துடுச்சு, நேரா வந்து "அண்ணே, இருக்கறதுலயே பெருசு .500 தானே, அதையே வாங்கிடவா?"ன்னு கேட்டான். (.357, .500ங்கறதெல்லாம் ஏறக்குறைய புல்லட்டோட அகலம், இஞ்ச் கணக்குல.) பெருசா வாங்கினா பிரச்சினையே இல்லன்னு நெனப்பு. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நெனச்சேன். அவனுக்கு வாட்ஸப்புல துண்டு துண்டா சொன்னதைத்தான் இங்க சேத்து எழுதறேன்.

விசால இருக்கறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எச்1பி மாதிரி விசால இருந்தா அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கி வச்சுக்கக் கூடாது, ஆனா செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் இருந்தா அதுக்கு விலக்கு இருக்கு. கிரீன் கார்டுக்காரங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல. மாநிலச் சட்டம் வேற மாதிரி இருக்கலாம், அதனால வக்கீல் கிட்ட ஒரு தடவ கேட்டுட்டு இறங்குங்க. ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்கு இது வெறும் பொது அறிவுதான், அங்க 1972 வன உயிரின சட்டம், அப்புறம் அதுக்கு 1991ல வந்த திருத்தத்தோட வேட்டை விளையாட்டெல்லாம் முடிஞ்சுபோச்சு.

சரி, பவர். தோட்டா பெட்டி மேல ஃபுட் பவுண்டுன்னு ஒரு நம்பர் போட்டிருப்பான். அது வெறும் கணக்கு. புல்லட் (தோட்டா முனைல இருந்து பறந்து போற உலோகத் துண்டு) எடையை கிரெய்ன்ல எடுத்துக்கோங்க, ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். வேகத்தை செகண்டுக்கு எத்தனை அடின்னு எடுத்து, அதை அதாலயே பெருக்கி, எடையாலயும் பெருக்கி 4,50,240ஆல வகுத்தா ஃபுட் பவுண்டு வந்துடும். இதுல வேகம் ரெண்டு தடவ பெருக்கப்படுது, எடை ஒரு தடவதான். அதனால லேசான புல்லட்டை விரட்டி விட்டா நம்பர் சும்மா எகிறும், பெட்டி பாக்க பளபளன்னு இருக்கும். மானுக்கு அந்த நம்பர் தெரியாது.

அளவுகோலுக்கு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச 9 எம்எம் எடுத்துக்கலாம், 124 கிரெய்ன், 1150 அடி, 364 ஃபுட் பவுண்டு. மான் ரைஃபிள்னு அமெரிக்கால தாத்தா காலத்துல இருந்து வச்சிருக்கற .30-30 150 கிரெய்ன்ல 1900 தரும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் வேட்டைக் கைத்துப்பாக்கி தோட்டா எல்லாமே உக்காந்திருக்கு, கடைசி ரெண்டு மட்டும் .30-30ஐயே தாண்டும்.

ஆனா ரைஃபிள் கொல்ற மாதிரி கைத்துப்பாக்கி கொல்லாது, இதை நல்லா மனசுல வச்சுக்கணும். ரைஃபிள் புல்லட் 2000 அடிக்கு மேல வேகத்துல உள்ள போகும்போது தான் போற வழியை சுத்தி இருக்கற சதையையும் கிழிச்சு விட்டுடும். 1200, 1300 அடில போற புல்லட் அப்படி செய்யாது, தான் போட்ட ஓட்டைதான் அதோட மொத்த வேலை. ஓட்டை அகலமா இருக்கணும், ஆழமா போகணும், முடிஞ்சா அந்தப் பக்கம் வெளிய வந்து ரெண்டாவது ஓட்டையும் போடணும், ரத்தம் கீழ விழுந்தாத்தான் தடம் புடிச்சு போய் கண்டுபிடிக்க முடியும். நுரையீரல்ல சரியா பட்ட மான் கூட 50, 100 யார்டு ஓடித்தான் விழும். "பட்டுச்சா இல்லியா"ன்னு அரை மணி நேரம் புதர்ல தடவிக்கிட்டு நின்னவனுக்குத்தான் வெளி ஓட்டையோட அருமை தெரியும்.

இப்ப .357 மேக்னம். 1935ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டு வந்தது, பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவோட பித்தளைக் கூட்டை கொஞ்சம் நீட்டி எடுத்தாங்க, தெரியாம பழைய .38 துப்பாக்கில போட்டு கையை உடைச்சுக்கக் கூடாதுன்னு. தலைகீழா பண்ணலாம், .357 ரிவால்வர்ல .38 ஸ்பெஷல் தாராளமா சுடலாம், இதுதான் இந்த காலிபரோட பெரிய வரம். 158 கிரெய்ன், பழைய கேட்டலாக் கணக்குல 1235 அடி, 535 ஃபுட் பவுண்டு, 50 யார்டு போனதும் 428ஆ கொறைஞ்சிடும். மானுக்கு போதுமா? போதும், ஆனா உங்ககிட்ட ஆறு இஞ்ச் குழல் இருக்கணும், 158 இல்ல 180 கிரெய்ன்ல கெட்டியான புல்லட் போடணும், மான் 40 யார்டுக்குள்ள பக்கவாட்டுல நிக்கணும், நீங்க பதறக் கூடாது. இத்தனை "கணும்" போட்டு ஒரு மான். தற்காப்புக்கு விக்கற 125 கிரெய்ன் ஹாலோ பாயின்ட்டை (மூக்குல குழி இருக்கற புல்லட்) எடுத்துட்டு போய் மானோட தோள் எலும்புல அடிச்சா மேலயே பூ மாதிரி விரிஞ்சு நின்னுடும், காயம்பட்ட மான் காட்டுக்குள்ள போய் ரெண்டு நாள் கழிச்சு சாகும். அது வேட்டை இல்ல.

இதே .357ஐ 16 இஞ்ச் குழல் இருக்கற லீவர் கார்பைன்ல (கையால லீவரை இழுத்து சுடற குட்டை ரைஃபிள்) போட்டா 1800 அடி பக்கம் போகும், 1100 ஃபுட் பவுண்டைத் தாண்டும். அப்ப அது வேற தோட்டா மாதிரி ஆயிடும். சின்னக் குழல்ல வெடிமருந்து முழுசா எரிஞ்சு தள்ள இடமே இல்ல, ரெண்டு இஞ்ச் குழல் .357 வாங்கிட்டு பெட்டி நம்பரை நம்பறவங்க சத்தத்துக்கும் நெருப்புக்கும்தான் காசு குடுக்கறாங்க.

சட்டமும் இங்க குறுக்க வரும். டெக்சாஸ்ல ரிம்ஃபயர் (கூட்டோட ஓரத்துல அடிச்சு வெடிக்கற .22 மாதிரி தோட்டா) கூடாது, நடுவுல அடிச்சு வெடிக்கற சென்டர்ஃபயர்னா மானுக்கு சரின்னு விட்டுடுவாங்க. வர்ஜீனியால கைத்துப்பாக்கி தோட்டாவுக்கு குழல் வாயில 350 ஃபுட் பவுண்டாவது இருக்கணும். கொலராடோல இன்னும் கறார், குழல் நாலு இஞ்சுக்கு குறையக் கூடாது, 50 யார்டுல 550 ஃபுட் பவுண்டு இருக்கணும். மேல சொன்ன சாதாரண .357 லோடு அங்க ஃபெயில். சில மாநிலத்துல செமி ஆட்டோவே (ஒவ்வொரு வெடிக்கும் அடுத்த தோட்டாவை தானே ஏத்திக்கற துப்பாக்கி) வேட்டைக்கு ஆகாது. சீசன் புத்தகத்தை ஒவ்வொரு வருஷமும் திறந்து பாருங்க.

10 எம்எம் ஆட்டோவுக்கு இப்ப பசங்க மத்தில பெரிய கிரேஸ். 1983ல வந்தது, ஜெஃப் கூப்பர்ங்கற துப்பாக்கிப் பயிற்சியாளர் பின்னாடி இருந்து தள்ளினாரு, ஸ்வீடன் கம்பெனி நார்மா போட்ட ஒரிஜினல் லோடு 200 கிரெய்ன், 1200 அடி, 640 ஃபுட் பவுண்டு. 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்கு அப்புறம் எஃப்பிஐ இதை எடுத்துச்சு, சுடும்போது கைல விழற உதை ஜாஸ்தின்னு மருந்தை கொறைச்சாங்க, அப்படி கொறைச்சதுல இருந்துதான் 1990ல .40 பொறந்தது. கிரீன்லாந்துல நாய் வண்டில ரோந்து போற டேனிஷ் சிரியஸ் படை பனிக்கரடிக்காக வச்சிருக்கறது 10 எம்எம் க்ளாக் 20தான். பதினஞ்சு தோட்டா கொள்ளும், ரிவால்வரை விட தட்டை, இடுப்புல நாள் பூரா இருந்தாலும் உறுத்தாது.

வேட்டைக்கு? காட்டுப்பன்னிக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஏன்னா பன்னி தனியா வராது, கூட்டமா வரும். இங்க தனியார் நிலத்துல நிலத்துக்காரர் சம்மதிச்சா பன்னி சுட 2019ல இருந்து லைசென்ஸ் கூட வேணாம், அவங்களே வா வான்னு கூப்பிடுவாங்க, ஒரே ராத்திரில வயலை டிராக்டர் விட்ட மாதிரி ஆக்கிட்டு போயிடும். ஆனா 10 எம்எம்தான் .41 மேக்னம், இன்னும் சிலர் .44 மேக்னம்னே சொல்லித் திரியறாங்க பாருங்க, அது ரெண்டும் இல்ல. .41 மேக்னம் 210 கிரெய்னை 1300 அடில அனுப்பினா 788 வரும். இன்னொரு விஷயம், கடைல கிடைக்கற 10 எம்எம் பாதி .40 அளவுக்குத்தான் மருந்து போட்டிருக்கும். பெட்டில வேகத்தைப் படிச்சுட்டு வாங்குங்க, பேரைப் படிச்சுட்டு வாங்காதீங்க.

பன்னியைப் பத்தி பேசறப்பவே சொல்லிடறேன், மானை அடிக்கற இடத்துல பன்னியை அடிக்காதீங்க. பன்னிக்கு இதயமும் நுரையீரலும் மானை விட முன்னாடி, கீழ இருக்கும், முன்னங்காலோட நேர் கோட்டுல, ஒடம்போட கீழ் மூணுல ஒரு பங்கு. கிழட்டு ஆண் பன்னிக்கு தோள் மேல குருத்தெலும்பு மாதிரி தடிச்ச ஒரு கவசம் வேற இருக்கும். ஹாலோ பாயின்ட் அதுல முட்டி மொக்கை ஆகறதுக்கு வாய்ப்பு அதிகம். ஈயத்துல கலவை சேத்து கெட்டியா வார்த்த, மூக்கு தட்டையா இருக்கற புல்லட் இங்க நல்லா வேலை செய்யும், விரியாது, ஆனா நேரா உள்ள போய்க்கிட்டே இருக்கும்.

.41 மேக்னம் 1964ல வந்தது, நல்ல தோட்டா, அருமையான தோட்டா, கடைல கிடைக்காது. அவ்வளவுதான்.

.44 மேக்னத்துக்கு வருவோம், இங்க கொஞ்சம் உக்காந்து பேசலாம். எல்மர் கீத்னு ஐடஹோ மாட்டுப்பண்ணைக்காரர், தொப்பியும் சுருட்டுமா இருப்பாரு, பழைய .44 ஸ்பெஷல் கூட்டுல வருஷக்கணக்கா மருந்தை ஏத்தி ஏத்தி சுட்டுப் பாத்துட்டு கம்பெனிகளை நச்சரிச்சுக்கிட்டே இருந்தாரு. கடைசில ரெமிங்டன் தோட்டாவை செய்ய, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியை செய்ய, 1955 கடைசில, 56ல வெளிய வந்தது. அப்புறம் எழுபதுகள்ல ஒரு ஹாலிவுட் போலீஸ் படம் வந்து அந்தத் துப்பாக்கிக்கு கடைல வரிசைல நிக்க வச்சுது. பேருதான் .44, புல்லட் அளவு .429தான், பழைய கால தோட்டால கூடு அளவை வச்சு பேர் விட்டது அப்படியே ஒட்டிக்கிச்சு. .38 ஸ்பெஷலும் அதே கதைதான், நெஜத்துல .357.

240 கிரெய்ன், நாலு இஞ்ச் குழல் கேட்டலாக் கணக்கு 1180 அடி, 741 ஃபுட் பவுண்டு. 50 யார்டுல 623 மிச்சம் இருக்கும், கொலராடோ பரீட்சைல கூட பாஸ். ஆறு, ஏழரை இஞ்ச் குழல்ல ஃபுல் லோடு போட்டா 1350 அடி பக்கம், 970 வரும். ஓட்டை ஏற்கனவே அகலம், விரியலன்னாலும் பரவால்ல. மான், பன்னி, கறுப்புக் கரடி, 300 கிரெய்ன் கெட்டி புல்லட்ல எல்க்ங்கற பெரிய மான் வரைக்கும் ஆள் ஒழுங்கா சுட்டா போதும். .44 ஸ்பெஷல் இதுலயே போகும், 1907ல இருந்து இருக்கற தோட்டா, 246 கிரெய்ன், 755 அடி, 311 ஃபுட் பவுண்டு, கைக்கு வெண்ணெய் மாதிரி. பழகறதுக்கு அது, வேட்டைக்கு இது.

உதை கணக்கையும் பாத்துடலாம், கடைக்காரன் இதைச் சொல்ல மாட்டான். ரெண்டே முக்கால் பவுண்டு .357 ரிவால்வர்ல உதை ஏழு எட்டு ஃபுட் பவுண்டு வருது. மூணு பவுண்டு .44ல பதினெட்டு பக்கம். நாலரை பவுண்டு .500ல, 400 கிரெய்ன் லோடுக்கு, நாப்பத்தஞ்சைத் தாண்டுது. அதாவது .357ல இருந்து .44க்கு ரெண்டு மடங்குக்கு மேல, அங்கிருந்து .500க்கு மறுபடியும் ரெண்டரை மடங்கு. கை ஒண்ணுதான்.

நான் .500ஐ சுட்டிருக்கேன், நண்பரோடது. மொத ரவுண்டு சிரிப்பு வந்துச்சு. ரெண்டாவது ரவுண்டுல இருந்து ட்ரிகரை அழுத்தறதுக்கு முன்னாடியே கண்ணு தானா மூடிக்கிச்சு, மணிக்கட்டு கீழ அமுங்கிச்சு, 25 யார்டுல ப்ளேட்டுக்கு ஒரு அடி கீழ போய் மண்ணுல குத்துச்சு. அன்னிக்கு ராத்திரி டம்ளரைத் தூக்கறதுக்கு இடது கைதான். அதை விட மோசம் என்னன்னா, அடுத்த வாரம் என் .44லயும் அந்தப் பதட்டம் ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு, அதைப் போக்க ரெண்டு மாசம் ஆச்சு. வைத்தியம் பழசுதான்: ஆறு அறைல நாலுல தோட்டா, ரெண்டுல காலி கூடு, நண்பரை விட்டு போடச் சொல்லி சக்கரத்தை சுத்திட்டு சுடணும். காலி கூட்டுல சுத்தியல் விழறப்ப குழல் கீழ குத்துச்சுன்னா உங்களுக்கு இருக்குன்னு அர்த்தம். குத்தாத வரைக்கும் இதையே பண்ணணும்.

.45 கோல்ட் ஒரு விசித்திரமான ஆளு. 1873ல இருந்து இருக்கு, கௌபாய் தோட்டா, 255 கிரெய்ன், 900 அடி, 460 ஃபுட் பவுண்டு பக்கம், மெதுவா போய் பெரிய ஓட்டை போடும். சுடும்போது உள்ள வர்ற அழுத்தம் 14,000 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு) தான், .44 மேக்னம் 36,000. ஆனா ரூகர் கம்பெனியோடது மாதிரி கெட்டியான இப்பத்தய துப்பாக்கிக்குன்னே மருந்து ஏத்தின லோடு விக்குது, அது .44 மேக்னத்துக்கு நெருக்கமா வரும், உதை கொஞ்சம் மெத்துன்னு தள்ளற மாதிரி இருக்கும். அந்த லோடை தாத்தா காலத்து கோல்ட்ல, இல்ல அதோட நகல்ல போட்டா சக்கரம் பொளந்துடும். தோட்டா உள்ள அழகா போகும், அதுதான் ஆபத்தே. வீட்ல பழையது ஒண்ணு, புதுசு ஒண்ணு வச்சிருக்கறவங்க இந்த லோடை வாங்கவே வாங்காதீங்க.

.454 கசுல், அதே .45 கோல்ட்டை நீட்டி 65,000 பிஎஸ்ஐக்கு கொண்டு போனது. டிக் கசுல் 1950கள்லயே செஞ்சு பாத்தாரு, வயோமிங்ல ஃப்ரீடம் ஆர்ம்ஸ் 1983ல துப்பாக்கியா விக்க ஆரம்பிச்சாங்க. 300 கிரெய்ன், 1625 அடி, 1760 ஃபுட் பவுண்டு. .30-30 கிட்ட வந்தாச்சு. அலாஸ்கா ஆத்துல மீன் புடிக்கறவங்க குட்டைக் குழல்ல இதை மார்ல கட்டிக்கிட்டு திரிவாங்க, பெரிய பழுப்புக் கரடி பயம். உதை மெத்துன்னு எல்லாம் இல்ல, சுருக்குன்னு அறையும். நல்ல விஷயம், .45 கோல்ட் போட்டு பழகிக்கலாம்.

கரடி பேச்சு வந்தா யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்வாங்க, 2016ல அலாஸ்கால ஒரு கைடு 9 எம்எம்லயே பழுப்புக் கரடியை விழ வச்சாரேன்னு. ஆமா, நடந்தது. அவர் வாழ்நாள் பூரா கரடி நடுவுல இருந்தவரு, கெட்டி வார்ப்பு புல்லட் போட்டிருந்தாரு, கிட்டத்துல இடம் பாத்து அடிச்சாரு. அதுல இருந்து 9 எம்எம் கரடித் தோட்டான்னு முடிவுக்கு வர்றது, பாட்டி பீடி குடிச்சும் தொண்ணூறு வயசு இருந்தாங்கன்னு சொல்ற மாதிரி.

.460 2005ல வந்தது. 200 கிரெய்ன், 2300 அடி, 2350 ஃபுட் பவுண்டு. இது கைத்துப்பாக்கின்னு சொல்ற ரைஃபிள், ரெண்டு கிலோ கனம், ஸ்கோப் போட்டு முட்டுக் குடுத்து சுட்டா 150 யார்டு தாண்டியும் மான் அடிக்கலாம், மரத்துல கட்டின பரண்ல உக்காந்து வேட்டை பாக்கறவங்களுக்கு இது நல்லாவே பொருந்தும். .454, .45 கோல்ட் ரெண்டுமே இதுல போகும். .500 2003ல வந்தது, அஞ்சு அறை, 400 கிரெய்ன் 1675 அடின்னா 2490. பெரிய கரடி, காட்டெருமைன்னு நெஜமாவே வேலை இருக்கறவங்களுக்கு அர்த்தம் இருக்கு. இந்த ரெண்டுலயும் விரலை சக்கரத்துக்கும் குழலுக்கும் நடுவுல இருக்கற இடுக்கு பக்கம் வச்சுடாதீங்க, அதுல வர்ற காத்து சதையைக் கிழிச்சுடும். எந்த மேக்னமா இருந்தாலும் காட்டுல கூட காதுக்கு மூடி போடுங்க, எலக்ட்ரானிக் மஃப் போட்டா இலை மேல மான் நடக்கறது கூட கேக்கும். ஒரே ஒரு வெடி போதும், காதுல ஆயுசுக்கும் ங்ங்ங்னு இருக்கும்.

காசு. என் ஊர் கடைல .38 ஸ்பெஷல் ஒரு ரவுண்டு அரை டாலர் பக்கம், .44 மேக்னம் ஒரு டாலருக்கு மேல, .500 மூணு டாலரையும் தாண்டுது. மாசம் நூறு ரவுண்டு சுட்டாத்தான் அந்த ப்ளேட் கைக்கு வரும்னா எது கட்டுப்படியாகும்னு நீங்களே பாத்துக்கோங்க. அதனால யாருக்கு எதைக் கை காட்டுவேன்னா: ஏற்கனவே .357 இருக்கறவங்க ஆறு இஞ்ச் குழலா இருந்தா அதையே வச்சு டெக்சாஸ் ஹில் கன்ட்ரி பக்கத்து சின்ன மானை 40 யார்டுக்குள்ள பாருங்க, புதுசா எதுவும் வேணாம். பன்னிதான் குறின்னா 10 எம்எம். மானும் பன்னியும் எப்பவாவது கறுப்புக் கரடியும்னா .44, யோசிக்கவே வேணாம். கையால மருந்து போட்டு தோட்டா செய்யறவங்க, பழசு மேல காதல் இருக்கறவங்க .45 கோல்ட் போங்க.

தம்பி ரெண்டு வாரம் முறைச்சுக்கிட்டு இருந்தான். அப்புறம் செகண்ட் ஹேண்டுல ஆறு இஞ்ச் .44 ஒண்ணு புடிச்சான், கூட மூணு பெட்டி ஸ்பெஷல். போன சனிக்கிழமை 50 யார்டுல ஆறுல நாலு ப்ளேட்டுக்குள்ள, 35ல ஆறும் உள்ள. இந்த சீசனுக்கு உனக்கு 35தான்டான்னு சொல்லியிருக்கேன், அவன் ப்ளேட்டை மடிச்சு பைல வச்சுக்கிட்டான்.